சேர்த்ததும் நீக்கியதும்

நான் பாடம் நடத்திய பொறியியல் கல்லூரி திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. கடைசி வருடங்களில் கணினித் துறையில் மாணவர்களைவிடக் கணினிகள் அதிகம். ஆசிரியர்களில் நானும் இன்னொருவரும் மிஞ்சியிருந்தோம். அவர் விழுப்புரத்துக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை மேடம் என்பார். அத்தனை வருடம் ஒரே அறையில் உட்கார்ந்தும் பழக்கம் அதற்கு மேல் போகவில்லை. ஆனால் ஒருவர் டிபன் பாக்ஸில் அன்றைக்கு என்ன இருக்கும் என்று மற்றவரால் சொல்லிவிட முடியும்.

கல்லூரி மூடப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துபோன பிறகு, ஒரு மதியம் அவர் தன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

"மேடம், இதைப் பாருங்க. ஆளு எடுக்கறாங்க. ஆளுன்னா ஆளு இல்ல, மெஷினு."

அது ஒரு திறந்த வலைப்பின்னல். நடுவில் வங்கியோ அலுவலகமோ இல்லாமல், உலகத்தில் எங்கே இருப்பவரும் இன்னொருவருக்குப் பணமோ பத்திரமோ அனுப்பலாம். நடுவில் ஆள் இல்லாததால், ஒவ்வொரு பரிமாற்றமும் சரிதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போடப் பல ஊர்களில் கணினிகள் வேண்டும். அந்தக் கணினியையும் அதை வைத்திருப்பவரையும் சேர்த்து வேலிடேட்டர் என்பார்கள், அதாவது சரிபார்ப்பவர். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கையெழுத்து விழுந்தால்தான் பரிமாற்றங்களை எழுதிவைக்கும் பொதுக் கணக்குப் புத்தகத்தில் அடுத்த பக்கம் திரும்பும். விழாவிட்டால் எல்லாம் அப்படியே நின்றுவிடும்.

அதுவரை அதைத் தொடங்கியவர்களும் அவர்களுடைய சிநேகிதர்களுமே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் கூடிப் பேசினால் எதை வேண்டுமானாலும் செய்துவிடலாம் என்ற நிலை. இதுவா திறந்த வலைப்பின்னல் என்று வெளியே கேலி எழுந்ததும் கதவைத் திறந்தார்கள். ஒரேயடியாகத் திறக்கவும் பயம். புதிதாக வருகிறவர்களின் கணினிகள் அடிக்கடி அணைந்து, அப்படி அணைந்தவை மூன்றில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டால் மொத்தமும் நின்றுபோகும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்ப்பது, முதலில் சில மாதம் வெள்ளோட்டம், பிறகு ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களின் ஓட்டு என்று விதி வைத்தார்கள். நிலையாகவும் ஓட வேண்டும், பரவலாகவும் இருக்க வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறைந்தது. பிறகு வந்த வருடங்களில் நாங்கள் போட்ட சண்டை எல்லாம் இதைப் பற்றித்தான்.

என் கணவருக்குத் திண்டிவனத்தில் இன்வெர்ட்டர், பேட்டரி கடை. கீழே கடை, மேலே வீடு. வேலை போன வீட்டில் மின்சாரம் தின்னும் இன்னொரு பெட்டி எதற்கு என்று அவர் கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"கரண்ட்டு எவ்ளோ இழுக்கும்? சொன்னீனா பேட்டரி போட்டுத் தர்றேன். வித்துப் போகாம ரெண்டு கீழ கெடக்குது."

அப்படித்தான் துணி மடித்துவைக்கும் அறையின் மூலையில் அந்தக் கணினி வந்து உட்கார்ந்தது. சார் விழுப்புரத்தில், ரயில்வே ஜங்ஷனுக்குப் பின்னால் இருந்த தன் வாடகை வீட்டு மாடியில் ஒன்று வைத்தார். இரண்டும் தனித்தனி விண்ணப்பம். வெள்ளோட்டக் காலம் முழுக்க நாங்கள் இருவரும் பிரசவத்துக்கு நாள் எண்ணும் வீட்டுக்காரர்களைப்போல இருந்தோம். மின்சாரம் போனால் போன், இணையம் விட்டுவிட்டு வந்தால் போன். "மேடம், உங்களுது இருக்குதா?" என்பதுதான் அப்போதைய நலம் விசாரிப்பு.

ஓட்டெடுப்பில் இருவருமே தேறினோம். அன்றைய இணையவழிக் கூட்டத்தில், வெளிநாட்டிலிருந்து வலைப்பின்னலை நடத்திய குழுவின் பெண்மணி ஒருவர் உலக வரைபடத்தைத் திரையில் போட்டு, தமிழ்நாட்டின் ஓரத்தில் புதிதாக முளைத்த இரண்டு புள்ளிகளைக் காட்டினார். இந்தியாவின் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் என்று எங்களை அறிமுகப்படுத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். விழுப்புரம் ஜங்ஷனில் ஒரு நாளைக்கு எத்தனை ரயில் நிற்கும் என்று அந்த அம்மாளிடம் சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. சார் தனியாக எனக்கு ஒரு செய்தி அனுப்பினார். "கிராமம்னா கிராமம். உள்ள வுட்டாங்க இல்ல."

அப்போது சிரித்தேன். எங்களை எதற்காக உள்ளே விட்டார்கள் என்பது அந்தக் கைதட்டலிலேயே இருந்தது. அது எனக்கு விளங்கக் கொஞ்ச காலம் பிடித்தது.

முதல் வருடம் நன்றாகத்தான் போனது. கையெழுத்துப் போடுவதற்குக் கூலியாக வந்த வரும்படி கல்லூரிச் சம்பளத்தில் பாதிகூட இல்லை, ஆனாலும் மாதாமாதம் வந்தது. கணினி நின்றால் அபராதம் உண்டு. அதனால் எங்கேயும் போய்த் தங்க முடியாது. என் தங்கை மகள் கல்யாணத்துக்கு ஆரணிக்குப் போய், முகூர்த்தம் முடிந்த கையோடு பந்தியில்கூட உட்காராமல் பஸ் ஏறினேன். என் தங்கை இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறாள். சாருக்கு வேறு தொல்லை. மாடியில் விசிறி இரையும் சத்தம் தூங்கவிடவில்லை என்று வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். பின்தெருவில் பள்ளம் தோண்டும்போதெல்லாம் இணையக் கம்பி அறுந்தது. அபராதம்மேல் அபராதம். ஒருநாள் போனில் சொன்னார்.

"மேடம், நான் மெஷினை மாத்திட்டேன். மும்பைல ஒரு டேட்டா சென்டர்ல வாடகைக்கு எடத்தைப் புடிச்சுட்டேன். அவனே கரண்ட்டு பாத்துக்கறான், அவனே நெட்டு பாத்துக்கறான். நேத்துதான் நல்லாத் தூங்கினேன்."

"அப்ப விழுப்புரம்?"

"நான் விழுப்புரத்துலதானே இருக்கறேன்."

அதில் தப்பு கண்டுபிடிக்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு ரத்த அழுத்தம் இருந்தது, மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார். மாற்றிய பிறகு அவர் கணினி நிற்கவே இல்லை. நிற்காத கணினியை நம்பிப் பலரும் வலைப்பின்னலில் தாங்கள் போட்டிருந்த பணப் பங்கை அவர் பெயரில் கட்டிவைத்தார்கள். அந்த வலைப்பின்னலில் ஓட்டு தலைக்கு ஒன்று கிடையாது. யார் பெயரில் எவ்வளவு பங்கு கட்டப்பட்டிருக்கிறதோ அவ்வளவு கனம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாருடைய ஓட்டு என்னுடையதைப்போல இருபது மடங்கானது. கூட்டங்களில் அவர் பெயரைச் சொல்லிக் கருத்துக் கேட்க ஆரம்பித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பழைய மாணவி ஒருத்தி விண்ணப்பித்தாள். மரக்காணம் பக்கத்தில் கடலோரக் குப்பத்துப் பெண். வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கேள்வி கேட்டால் மட்டும் எழுந்து சரியான பதிலைச் சொல்லிவிட்டு உட்காருவாள். படிப்பு முடிந்ததும் சென்னையில் இரண்டு வருடம் வேலை பார்த்தாள். கல்யாணமாகிக் குழந்தை பிறந்ததும் ஊருக்கே திரும்பிவிட்டாள். கணவர் கடல் தொழில். வெள்ளோட்டத்தில் அவள் கணினி என்னுடையதைவிட நன்றாகவே ஓடியிருந்தது. ஓட்டுக்கு வருவதற்கு முன்னால் எங்கள் இருவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டாள்.

சார் விழுப்புரத்திலிருந்து வர, நான் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் சேர்ந்துகொண்டு போனோம். வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். ஓடு வேய்ந்த வீட்டுக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய சிறு கான்கிரீட் அறை. அதில் ஒரு பீரோவும் கணினியும். உப்புக் காற்று பட்டுக் கணினியின் மின்பலகைகள் அரித்துவிடக் கூடாதென்று ஜன்னலை அடைத்து, கதவிடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டியிருந்தாள். சார் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரே இணைய இணைப்புதானா என்று கேட்டார். இன்னொன்றுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், கம்பி இழுக்க வரவேண்டும் என்றாள். சங்கரா மீன் குழம்பும் வஞ்சிரம் வறுவலும் செய்திருந்தாள். சார் இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் உப்பளங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர், "நான் வேணாம்னுதான் போடப்போறேன்" என்றார்.

எனக்கு முதலில் காதில் சரியாக விழவில்லையோ என்று இருந்தது. "ஏன் சார்?"

"ஒரே லைனு. கடலு அங்கயே இருக்குது. ஒரு பெரிய காத்து அடிச்சா போச்சு. இப்பிடி அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு சேத்துக்கினே போனா, ஒரு நாளு எல்லாம் சேந்து வுழும். அன்னிக்கு ஜனங்க பணம் நடுவுல மாட்டிக்கினு நிக்கும். அவ நல்ல பொண்ணு, யாரு இல்லன்னாங்க? நல்ல பொண்ணுன்றதுக்காக ஓட்டுப் போட முடியுமா?"

"நம்மளைச் சேத்தப்பவும் ஒருத்தர் இப்பிடித்தான் நெனச்சிருப்பாரு."

"நெனச்சிருப்பாரு. அவரு நெனச்சதும் தப்பில்லயே."

அவர் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. நானும் அந்த ஒற்றை இணைப்பைப் பற்றி யோசித்துக்கொண்டுதான் வந்தேன். ஆனால் சென்னையும் மும்பையும் பெங்களூரும் மட்டும் கையெழுத்துப் போட்டால் அது எந்த ஊருக்கான திறந்த வலைப்பின்னல் என்ற கேள்வியும் இருந்தது. ஒருத்தி விழுந்தால் மற்றவர்கள் தாங்கிக்கொள்வதற்குத்தானே இத்தனை பேர் என்றேன். அவர் பேச்சை மாற்றினார். திண்டிவனம் வரும்வரை மகளுக்குப் பார்த்திருக்கும் செஞ்சி வரனைப் பற்றிப் பேசினார்.

அவள் குறைந்த வித்தியாசத்தில் தேறிவிட்டாள். அங்கே ரகசிய ஓட்டுக் கிடையாது. யார் என்ன போட்டார்கள் என்பதை யாரும் பார்க்கலாம். அன்று சாயங்காலமே போன் செய்தாள்.

"தேங்க்ஸ் மேடம். சாரு வேணாம்னு போட்டுக்கீறாரு. பாத்தேன்."

"அவருக்கு அந்த ஒரே லைனுதான் பயம்மா."

"தெரியும் மேடம். அத்த அன்னிக்கு எங்கூட்டுல சாப்புடச்சொல்லோ சொல்லியிருக்கலாம் இல்ல?"

அதே வருடம் கார்த்திகையில் புயல் எங்கள் பக்கம் கரையேறியது. திண்டிவனத்தில் ஏரித் தண்ணீர் தெருவுக்கு வந்தது. கடையில் முழங்கால் உயரம். கணவரும் நானும் பேட்டரிகளைத் தூக்கித் தூக்கி மாடிப்படிகளில் அடுக்கினோம். அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது அன்றைக்குத்தான். விழுப்புரம் பக்கம் இன்னும் மோசம். சாலைகள் துண்டாகி, பஸ் ஸ்டாண்டே குளமாகக் கிடந்தது. மின்சாரம் பல நாள் வரவில்லை. பேட்டரி தாங்கியவரை என் கணினி ஓடியது. பிறகு நானே அணைத்தேன். மிச்சம் இருந்த பேட்டரியைத் தெருவிலிருந்தவர்களின் போன்களுக்குச் சார்ஜ் ஏற்றக் கொடுத்துவிட்டோம். மாணவி வீட்டில் பின்னறை தப்பியது, முன்வீட்டு ஓடுகள் போயின. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கியிருந்தாள். சாருடைய வீட்டு மாடியில் அண்டை வீட்டுக் குடும்பங்கள் இரண்டு. அவர் மனைவி அத்தனை பேருக்கும் அந்த நாட்களில் கஞ்சி காய்ச்சிப் போட்டார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

மும்பையில் இருந்த சாருடைய கணினி ஓடிக்கொண்டே இருந்தது. என்னுடையதும் மாணவியுடையதும் நின்றுபோயின. அந்த வலைப்பின்னலோ அசையவே இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட கணினிகளில் இரண்டு அணைந்ததை யாரும் கவனிக்கவில்லை, பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தது. இணையம் வந்ததும் நான் முதலில் பார்த்தது அதைத்தான். நாங்கள் இல்லாமலே ஓடியிருக்கிறதே என்று மனதில் ஒரு சின்ன வருத்தம் இருந்தது. அதைவிட நிம்மதி அதிகம். இப்படி ஓடத்தானே பல ஊர்களில் வைத்தார்கள், பேசியபடியே நடந்திருக்கிறது என்று மாணவியிடம் சொன்னேன். அபராதத்தைக் கட்டிவிட்டு இருவரும் மறுபடி சேர்ந்துகொண்டோம்.

அடுத்த கோடையில், வானத்தில் ஒரு மேகம்கூட இல்லாத ஒரு மத்தியானம், வலைப்பின்னல் நின்றது.

நான் கீழே கடையில் இருந்தேன். கணவர் சாப்பிட மேலே போயிருந்தார். மாணவியின் போன்.

"மேடம், என்னுது ஓடிக்கினுதான் இருக்குது. ஆனா பக்கம் நகரல. உங்களுது?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். என்னுடையதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மற்ற கையெழுத்துகளுக்காகக் காத்திருந்தது. அவை வரவேயில்லை. விஷயம் மெல்லத் தெரியவந்தது. சாருடைய கணினி இருந்த மும்பை டேட்டா சென்டரில் குளிரூட்டும் கருவி பழுதாகி, வெப்பம் தாங்காமல் எல்லாவற்றையும் அணைத்துவிட்டார்கள். சாரைப்போலவே நிம்மதியாகத் தூங்க நினைத்த பலரும் அந்த ஒரே கட்டடத்தில் இடம் பிடித்திருந்தார்கள். வரைபடத்தில் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு ஊர்களில் புள்ளி வைத்துக்கொண்டு, கணினியை மட்டும் அங்கே கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அவர்கள் பெயரில் கட்டியிருந்த பங்கைக் கூட்டினால் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. மறுநாள் காலையில்தான் மறுபடி ஓடத் தொடங்கியது.

இனிமேலாவது புரிந்துகொள்வார்கள் என்று நம்பினேன். ஒரே கட்டடத்தில் இத்தனை பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வரும் என மாணவியிடம் அடித்துச் சொன்னேன். அவள் "பாக்கலாம் மேடம்" என்றாள்.

கூட்டம் கூடியது. முன்மொழிவைப் படித்தார்கள். இனி எல்லாக் கணினிகளும் அங்கீகரித்த டேட்டா சென்டர்களில் மட்டுமே இருக்க வேண்டும், வீட்டில் வைக்கக் கூடாது, வருடத்தில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் நின்றவர்கள் நீக்கப்படுவார்கள். காரணம், நிலைத்தன்மை. நான் தப்பாகக் கேட்கிறேனோ என்று ஒலியைக் கூட்டினேன். அதை விளக்கிப் பேச வந்தவர் சார்.

ஆங்கிலத்தில் நிதானமாக, வகுப்பில் பேசுவதைப்போலவே பேசினார். நம்பிக்கை குலைந்திருக்கும் நேரம், பயனாளர்களுக்கு நாம் உறுதியைக் காட்டியாக வேண்டும் என்றார். எடுத்துக்காட்டாக நீண்ட நேரம் நின்றுபோன கணினிகளின் பட்டியலைத் திரையில் போட்டார். முதல் இரண்டு இடத்தில் மரக்காணமும் திண்டிவனமும் இருந்தன. புயல் வந்த நாட்கள் அவை. புயல் என்ற வார்த்தை அந்தத் திரையில் எங்கும் இல்லை.

நான் கை உயர்த்திப் பேசினேன். நாங்கள் நின்றபோது எதுவும் நிற்கவில்லை, நீங்கள் நின்றபோதுதான் எல்லாம் நின்றது, இதற்குத் தண்டனை எங்களுக்கா என்று கேட்டேன். சிலர் ஆமோதித்துத் தலையாட்டினார்கள். கனமான ஓட்டுகள் வைத்திருந்தவர்களின் திரைகளில் படம் இல்லை, பெயர் மட்டும்தான். மாணவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பழுதான அந்தக் கட்டடம் அங்கீகரித்த பட்டியலில் இருக்கிறதா? குழுவின் பெண்மணி பார்த்துச் சொன்னார். இருக்கிறது.

முன்மொழிவு பெரிய வித்தியாசத்தில் நிறைவேறியது.

அந்த வாரமே நான் விழுப்புரம் போனேன். சொல்லாமல்தான் போனேன். சார் வீட்டில் இருந்தார். பழைய கணினி இருந்த மாடி அறையில் இப்போது ஒரு நல்ல மேஜை, கூட்டங்களில் முகம் தெளிவாகத் தெரிய ஒரு வட்ட விளக்கு. அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, என் கணவரின் இடுப்புப் பிடிப்பைப் பற்றி விசாரித்தார். அவர் கீழே போகும்வரை காத்திருந்தேன்.

"சார், எங்க ரெக்கார்டை எடுத்துப் போட்டீங்களே, பக்கத்துல புயல்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்."

"போட்டா மட்டும்? புயல் திரும்ப வராதா மேடம்?"

"வரும். அன்னிக்கு நெட்வொர்க் நின்னுச்சா?"

அவர் காபியை ஆற்றினார். ஆறிய காபியை மறுபடி ஆற்றினார்.

"மேடம், உங்ககிட்ட மறைக்கறதுக்கு இன்னா இருக்குது. பெரிய ஆளுங்க அந்தக் கட்டடத்தை வுட்டு வெளிய வரமாட்டாங்க. அவங்களுக்கு அது சல்லிசு. அவங்களை நம்மளால ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா நின்னுபோச்சுன்னு ஊரெல்லாம் பேச்சு. ஏதோ பண்ணினோம்னு காட்டணும் இல்ல?"

"அதுக்கு நாங்களா?"

"யாரையாவது வெளிய அனுப்பினாத்தான் சுத்தம் பண்ண மாதிரி இருக்கும். உங்களுக்குன்னு பாத்துப் பண்ணல மேடம். அது ரூல்."

அவர் முகத்தில் வெட்கம் தெரிகிறதா என்று பார்த்தேன். களைப்புதான் தெரிந்தது. கோபமாகப் பேச வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது சேர்த்துவைத்த வாக்கியங்கள் எதுவும் வாயில் வரவில்லை. வலைப்பின்னலுக்குள் வரும்போது நம் இரண்டு புள்ளியும் ஒன்றாக வந்தது ஞாபகம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். இருக்கு மேடம் என்றார். கிளம்பும்போது அவர் மனைவி வேர்க்கடலையில் பிடித்த மல்லாட்டை உருண்டை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. வழியில் கூட்டேரிப்பட்டு வரும்வரை அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, அதைத் திறக்காமலே வந்தேன்.

நீக்கும் நாளை முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். குறித்த நேரத்தில் என் கணினி சரிபார்த்த பரிமாற்றம் ஒன்றில் கையெழுத்துப் போட்டது. அடுத்ததில் அதன் பெயரும் இல்லை, மாணவியின் கணினி பெயரும் இல்லை. அவ்வளவுதான். கணவர் எட்டிப் பார்த்து, "முடிஞ்சுதா?" என்றார். "முடிஞ்சுது" என்றேன். அவர் பேட்டரிகளின் இணைப்பைக் கழற்றிக் கீழே கொண்டுபோனார். அதே வாரத்தில் விற்றும்விட்டார்.

நான் கடையில் உட்கார ஆரம்பித்தேன். பள்ளிப் பிள்ளைகள் சிலருக்குச் சாயங்காலம் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். திடீரென்று கல்யாணங்களுக்குப் போக நேரம் கிடைத்தது. என் தங்கை இதற்கும் ஏதோ சொன்னாள்.

ஏழெட்டு மாதம் கழித்து சார் கடைக்கு வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். இப்போது வலைப்பின்னலை நடத்தும் குழுவிலேயே அவருக்குச் சம்பளத்தோடு பொறுப்பு கொடுத்திருந்தார்கள். என் கணவர் அவருக்கு நாற்காலி போட்டு, டீ சொல்லிவிட்டு, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றப் பின்னால் போய்விட்டார்.

"மேடம், ஒரு நல்ல சேதி. மறுபடி ஆளு சேக்கறாங்க. எல்லாம் பெரிய ஊருலயே குவிஞ்சு கெடக்குதுன்னு வெளிய எழுதறானுங்க. சின்ன ஊரு ஆளுங்களுக்குன்னு தனியா எடம் ஒதுக்கியிருக்குது. உங்க பேரை நான்தான் சொன்னேன்."

"வீட்டுல வைக்கலாமா?"

"அது முடியாது. மெஷினு மும்பைலதான். வாடகை அவங்களே குடுப்பாங்க. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். திண்டிவனம்னு ஊரு பேரைப் போட்டு ஒரு கையெழுத்து, ஒரு போட்டோ. கடை முன்னாடி நின்னு எடுத்தாக்கூட நல்லா இருக்கும்."

"எந்த மும்பை சார்? அதே கட்டடமா?"

"ஏசி எல்லாம் மாத்திட்டாங்க மேடம்."

அவர் கிண்டல் செய்யவில்லை. எனக்கு நல்லது செய்வதாகவே நினைத்து, பஸ் பிடித்து வந்திருந்தார். அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. முதலில் எங்கள் ஊர் வேண்டும் என்று சேர்த்தார்கள், பிறகு எங்கள் ஊரில் இருக்கிறோம் என்று நீக்கினார்கள், இப்போது ஊர் வேண்டாம், ஊரின் பெயர் போதும் என்கிறார்கள். இதை அவரிடம் சொன்னேன். கத்தவில்லை. டீ குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீங்க எப்பவுமே இப்பிடித்தான் மேடம். ஒரே புடியா புடிச்சுக்குவீங்க. நாலு காசு வர்ற வழி. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன் சார்."

அவர் போனதும் கணவர் வந்து, "இன்னாவாம்?" என்றார். சொன்னேன். நீ செய்ததுதான் சரி என்று அவர் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, "வாடகை அவனே குடுக்கறானா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரம் மாணவி போன் செய்தாள். எதைப் பற்றியோ பேசிவிட்டு, கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தாள்.

"சாரு இங்கயும் வந்தாரு மேடம்."

"ம்."

"நான் ஒத்துக்கினேன். வூட்டுக்காரரோட போட்டு இஞ்சினு கெட்டுப்போயி மூணு மாசமா கெடக்குது. ஓடு மாத்தினதுக்கும் வெளிய கடன் வாங்கிக்கீறோம். இதுல எனக்கு வேலையே இல்ல மேடம், எல்லாம் அவங்களே பாத்துக்கறாங்க. கடல் பக்கமா நிக்கவெச்சுப் போட்டோ எடுத்துக்கினு போனாங்க."

"பின்னாடி ரூம்ல இருந்த மெஷினு?"

"அது சும்மாதான் கெடக்குது. கொழந்த அதுல படம் வரையுது." பிறகு கேட்டாள். "கோவமா மேடம்?"

"இல்லம்மா. உனக்கு எது சரியோ அதைச் செய்."

அவள் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் இல்லை. ஆனால் அந்தப் பின்னறைக் கதவிடுக்கில் ரப்பர் பட்டையை அளந்து ஒட்டிய பெண், வேலையே இல்லை என்று நிம்மதியாகச் சொன்னதைக் கேட்டபோது வாய் கசந்தது. அந்தக் கசப்பு யார் மீது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"நீங்களும் கையெழுத்துப் போட்டுடுங்க மேடம். நாம ரெண்டு பேரும் இருந்தாக்கா எனக்கும் தெம்பா இருக்கும். மீட்டிங்ல எல்லாம் இங்கிலீஷ்ல பேசிக்கினே போறாங்க. யாராவது நம்மாளு இருந்தா பரவால்ல."

கடைக்கு ஆள் வந்திருக்கிறார், அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். கடையில் யாரும் இல்லை.